மந்தைவெளி முதல் கிண்டி வரை: சென்னைப் புல்வெளியின் ஆவண வரலாறும் வெப்பமாகும் மண்ணும்

ஆய்வுச் சுருக்கம்

புவி வெப்பமாதல் புல்வெளி மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் பாதிக்கிறது என்பதை அண்மைக்கால அறிவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. சென்னை போன்ற ஒரு நகரில் இவ்வினாவை எழுப்பினால் விடை அறிவியலுக்கு முன் வரலாற்றிடம் செல்கிறது. புல்வெளி இந்நகரின் ஆவணங்களில் கரம்பு, புறம்போக்கு, காப்புக்காடு ஆகிய பெயர்களில் பதிவாயிற்றே தவிர, புல்வெளியாகப் பதிவாகவில்லை. தன் பெயரில் பதிவாகாத நிலத்தின் மண் அளக்கப்படுவதில்லை. மயிலாப்பூர், மாம்பலம், கிண்டி ஆகிய பகுதிகளை முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புல்வெளி, மந்தைவெளி, கரம்பு, புறம்போக்கு, கிண்டி, வெளிமான், மண் நுண்ணுயிர், வெப்பமாதல்.

முன்னுரை

மயிலாப்பூருக்குத் தெற்கே, அடையாற்றை நோக்கிச் செல்லும் பேருந்துகள் நின்று செல்லும் மந்தைவெளியில் இன்று மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. இது ஓர் ஊருக்கே உரிய சிறப்புப் பெயரன்று. ஊர்க் கால்நடைகள் மேய்ச்சலுக்குப் புறப்படுமுன் கூடி நிற்கும் இடத்துக்குத் தமிழக வருவாய்க் கணக்குகள் இன்றும் வழங்கும் பொதுப்பெயர் அது. மேயும் நிலத்துக்கு மேய்க்கால் என்று பெயர். கூடும் நிலத்துக்கு மந்தைவெளி என்று பெயர். இரண்டையும் புறம்போக்கு என்னும் பெருந்தலைப்பின் கீழ் அடக்குவது கணக்கு மரபு.

மயிலாப்பூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிண்டியில் அதே ‘வெளி’ வேறொரு பெயரில் உயிரோடிருக்கிறது. அங்கு வாழும் வெளிமான், அடர்காட்டை விட்டுத் திறந்த புல்தரையை நாடும் விலங்கு. வாழிடமே அதன் பெயராயிற்று. ஓரிடத்தில் பெயர் நிற்க நிலம் மறைந்தது. மற்றோரிடத்தில் நிலத்தின் சிறு துண்டு நிற்க, அதற்குரிய பெயர் ஆவணத்தில் ஏறவில்லை. இவ்விரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

இலக்கண மரபில் புல்

தொல்காப்பிய மரபியல் நிலைத்திணையைப் புல், மரம் என இரண்டாகப் பகுக்கிறது. வயிரம் புறத்தே அமைந்தவை புல். அகத்தே அமைந்தவை மரம். இப்பகுப்பின்படி பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லினத்தைச் சேரும். ஓரறிவுயிர் என்னும் நிலையிலும் புல்லும் மரமும் ஒரே படியில் வைக்கப்படுகின்றன. மரத்தின் குறைநிலை புல் என்ற எண்ணம் அங்கு இல்லை. புல்வாய் என்பது மானினத்துக்குரிய பழம்பெயர். அதன் ஆணைக் குறிக்க இரலை, கலை ஆகிய சொற்களை மரபியல் விதிக்கிறது. சங்கப் பாடல்களில் வரும் இரலை முறுக்கிய கொம்புடையதாகவும் முல்லை நிலத்துக்குரியதாகவும் காட்டப்படுவதால், அதனை இன்றைய வெளிமானோடு பொருத்திக் காண்பது பொருத்தமே.

முல்லையைக் ‘காடும் காடு சார்ந்த இடமும்’ என்று பள்ளிப் பாடநூல்கள் சொல்லிக்கொடுக்கின்றன. இக்காலத்தில் காடு என்றவுடன் மனத்தில் எழும் அடர்மர நிழல் முல்லைக்குப் பொருந்தாது. ஆநிரை மேய வேண்டும். இரலை ஓட வேண்டும். வரகு விளைய வேண்டும். இவை மூன்றும் வெயில் விழும் நிலத்தில் நிகழ்வன. புறவு என்னும் சொல் இந்நிலத்தை இன்னும் துல்லியமாகச் சுட்டுகிறது. புதர்களும் இடையிடையே மரங்களும் கொண்ட புல்நிலம் என்று அதற்கு இன்றைய நடையில் விளக்கம் தரலாம்.

முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்தை இன்றைய காலநிலை மாற்றத்துக்கு முன்னறிவிப்பாகக் காட்டும் வழக்கம் மேடைகளில் உண்டு. அது பொருந்தாது. அக்கருத்து கூறுவது கோடையில் வந்து மழையில் மீளும் பருவத் திரிபு. இன்று நிகழ்வது மீளாத் திரிபு. ஆயினும் ஒன்றை அதிலிருந்து கொள்ளலாம். நிலத்தின் இயல்பு நிலையானதன்று, வெப்பம் அதை மாற்றும் என்ற உணர்வு இம்மொழியில் பழையது.

கரம்பும் புறம்போக்கும்

1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி செங்கற்பட்டு ஜாகீரைப் பெற்றது. சென்னையைச் சூழ்ந்த ஊர்களை 1767க்கும் 1774க்கும் இடையில் தாமஸ் பர்னார்டு அளந்தார். அவ்வளவையில் நன்செய், புன்செய், தோட்டம், ஏரி, காடு, தரிசு என ஒவ்வோர் ஊரின் நிலமும் பிரிந்து நின்றது. வரி தருவது எது, தராதது எது என்பதே அப்பகுப்பின் அடிப்படை வினா. அவ்வினாவுக்குப் புல் ஒரு விடையாக முடியாது. புல்லை மாடு தின்கிறது; மாடு எருவிடுகிறது; எரு நன்செய்க்குச் செல்கிறது; நன்செய் வரி தருகிறது. இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே கணக்கில் ஏறியது.

திராவிட மொழிக் குடும்பக் கருத்தை 1816இல் முன்வைத்தவராகத் தமிழாய்வாளர் நன்கறிந்த எல்லிஸ், சென்னை ஆட்சியராகவும் இருந்தவர். மிராசு உரிமை குறித்து அவர் எழுதிய விரிவான விடைகள் 1818இல் அச்சாயின. மிராசு விவாதத்தை ஒட்டிய ஆவணங்களில் சாகுபடி செய்யாத நிலம் இருவகைப்படுகிறது. முன்பு உழுது பின்னர் விடப்பட்டது செய்கால் கரம்பு. நினைவுக்கெட்டிய காலமாக உழப்படாதது அனாதி கரம்பு. இவற்றில் மேய்ச்சலும் புல்லும் விறகும் யாருக்குரியவை என்பது மிராசுதாரர்க்கும் அரசுக்கும் இடையே நீண்ட வழக்கு.

அனாதி கரம்பு என்ற சொல்லாட்சி கருதத்தக்கது. ஏர் படாத மண்ணை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. இன்றைய மண்ணியல் மிகவும் மதிப்பது அத்தகைய மண்ணைத்தான். ஏனெனில் உழுத மண் காற்றுப்பட்டுத் தன் மக்கை விரைவில் இழக்கிறது. ஆனால் அச்சொல்லில் ‘அனாதி’ என்னும் அடை தனிமதிப்பைக் குறிக்கவில்லை. உழவு இன்னும் எட்டாத குறையையே குறித்தது.

இங்கு ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். கரம்பை உழவுக்குக் கொண்டுவந்தது எல்லா இடத்தும் இழப்பு என்று எழுதிவிட முடியாது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கையையொட்டி 1892இல் அரசு எடுத்த முடிவால், நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலங்கள் வழங்கப்பட்டன; பஞ்சமி நிலம் என்று பின்னர் பெயர் பெற்றவை அவை. கரம்பின் மீது மிராசுதாரர் கொண்டிருந்த பிடியைத் தளர்த்தாமல் அது நிகழ்ந்திருக்காது. புல்வெளிக்காகப் பேசுவோர் இவ்வரலாற்றை மறந்தால், பழைய மிராசுக் குரலையே புதிய சொற்களில் பேசுவோராவர்.

மாம்பலம்: ஏரியும் அதன் தரையும்

நுங்கம்பாக்கம், மாம்பலம் ஏரிகள் இணைந்து நகரின் மேற்கெல்லையில் நீண்ட ஏரியாகக் கிடந்தன. 1920களில் மாம்பலப் பகுதியின் நீர்ப்பரப்பும் அதன் சுற்றுநிலமும் வீட்டு மனைகளாயின. பிட்டி தியாகராயர் பெயரால் தியாகராய நகர் எழுந்தது. நீர் வற்றும் மாதங்களில் ஏரித்தரை புல்தரையாகி ஆடுமாடுகளுக்கு இடமளிப்பது தமிழ்நாட்டில் எவ்வூர் ஏரியிலும் காணும் காட்சி. நீராகவும் புல்லாகவும் மாறிமாறி இருந்த அந்நிலத்தின் நீர்ப்பாதியை நகர வரலாற்றாசிரியர்கள் நினைவுகூர்கின்றனர். புல்பாதியைப் பேசுவார் அரியர்.

கிண்டி: ஆளுநர் பெற்ற புல்

கிண்டியின் கதை வேறு. 1821இல் கிண்டி மாளிகையையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் அரசு விலைக்கு வாங்கி ஆளுநரின் நகர்ப்புற ஓய்வில்லமாக ஆக்கியது. 1910இல் ஏறத்தாழ 505 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. பாதுகாக்க வேண்டுமெனில் ‘காடு’ என்று பெயரிட்டாக வேண்டும். வேறு சட்டப்பெயர் இல்லை. கடற்கரையை அடுத்த உலர் பசுமைப் புதர்க்காடும் இடையிடையே புல்தரையும் கலந்த நிலம் இவ்வாறு ஒரே சொல்லுக்குள் அடங்கியது.

விடுதலைக்குப் பின் அந்நிலம் சுருங்கியது. காந்தி மண்டபம் 1956இல் திறக்கப்பட்டது. 1958இல் ஒரு பெரும்பகுதி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்காக நடுவண் கல்வி அமைச்சகத்திடம் சென்றது. மறு ஆண்டு அக்கழகம் தொடங்கியது. அதே 1958இல் நேருவின் விருப்பப்படி மற்றொரு பகுதி மான் பூங்காவாகவும் சிறுவர் பூங்காவாகவும் அமையும்பொருட்டு வனத்துறைக்குக் கிடைத்தது. 1970களில் இராஜாஜி, காமராசர் நினைவிடங்கள் எழுந்தன. எஞ்சிய நிலம் 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு ஏறத்தாழ 270 ஹெக்டேர். 1980களின் பிற்பகுதியில் பூங்காவுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் தொழில்நுட்பக் கழகத்துக்கும் இடையே சுவர்கள் எழுந்தன. ஒரே வெளியில் ஓடிய மான்கள் மூன்று உரிமையாளர்க்குப் பிரிந்தன.

இவ்வளவுக்குப் பின்னும் புல்தரையாக நிலைத்த இடங்களுள் முதன்மையானது போலோ மைதானம் எனப்படும் பகுதி. வெளிமான்கள் மிகுதியாகக் கூடுவது அங்கேதான். குதிரைமீது அமர்ந்து பந்தாடும் விளையாட்டுக்காகத் திருத்தப்பட்ட தரையே இயற்கைப் புகலிடமாயிற்று என்பதில் ஒரு நகைமுரண் உண்டு. விளையாட்டுத் திடலாகப் பயன்பட்டதால் மரம் ஏறவில்லை; மரம் ஏறாததால் புல் நின்றது; புல் நின்றதால் மான் நின்றது. சட்டம் காத்தது காட்டை. புல்லைக் காத்தது ஒரு கேளிக்கை.

புள்ளிமான்கள் இங்குப் பிற்காலத்தில், 1945க்குப் பிறகு கொண்டுவரப்பட்டவையாகக் கருதப்படுகின்றன. அவை நிழலையும் இலையையும் விரும்புவன. மரம் பெருகுவது அவற்றுக்கு இடரன்று. வெளிமானுக்கோ அது வாழிடக் குறுக்கம். பார்வையாளர் கண்ணுக்கு இரண்டும் மான்கள்தாம். ஒன்றின் பெருக்கமும் மற்றொன்றின் நெருக்கடியும் ஒரே பச்சை நிறத்தில் தோன்றுவதால் வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை.

தரைக்குக் கீழே

மரத்தின் கரிமம் கண்ணுக்குத் தெரியும் தண்டிலும் கிளையிலும் நிற்கிறது. புல்லின் கரிமத்தில் பெரும்பங்கு தரைக்குக் கீழே செல்கிறது. வேர் கசியும் சர்க்கரைகளை உண்டு பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் வாழ்கின்றன. அவை மடிந்த உடற்பொருள் களிமண் துகள்களோடு ஒட்டி நெடுங்காலம் தங்குகிறது. உலகின் மண்ணில் முதல் ஒரு மீட்டர் ஆழத்தில் மட்டும் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி டன் கரிமம் உள்ளதாகக் கணக்கிடப்படுகிறது. இது வளிமண்டலத்திலுள்ள கரிமத்தைவிட மிகுதி. அச்சேமிப்பின் காவலரும் செலவாளியும் நுண்ணுயிரே.

வெப்பம் கூடினால் நுண்ணுயிரின் உண்ணலும் மூச்சும் விரைவுபடும். ஈரம் இருக்குமாயின், 10 பாகை வெப்ப உயர்வுக்கு மண்மூச்சு ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் வெப்பம் ஈரத்தையும் உறிஞ்சுகிறது. ஆகவே விரைவும் முடக்கமும் மாறிமாறி நிகழ்கின்றன. சென்னையின் பருவம் இதற்கு ஏற்ற களம். மாசி தொடங்கி மாதக்கணக்கில் காயும் மண், கோடை மழையில் ஒருமுறை நனைந்து மீண்டும் காய்ந்து, ஐப்பசி கார்த்திகையில் நன்கு நனைகிறது. உலர்ந்த மண் நனைந்தவுடன் நுண்ணுயிர்ச் செயல் திடீரெனப் பொங்கிக் கரியமில வாயு மிகுதியாக வெளியேறும் என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் ஆராய்ந்து 1958இல் பிர்ச் விளக்கினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. முதல் மழையில் நாம் நுகரும் மண்வாசனைக்குக் காரணமான பொருள்களுள் ஜியோஸ்மின் ஒன்று. ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. தமிழர் எல்லாரும் அறிந்த அம்மணம், தரைக்கடியில் ஓர் உலகம் விழித்துக்கொண்டதன் அறிகுறி எனலாம்.

புல்வெளியில் நெடுநாள் வெப்பமூட்டிப் பார்த்த சோதனைகளுள் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 2009இல் தொடங்கியது குறிப்பிடத்தக்கது. உயர்புல் வெளியின் சில பாத்திகளில் அகச்சிவப்பு வெப்பமூட்டிகளைத் தொங்கவிட்டு, மண்ணைச் சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 3 பாகை கூடுதல் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்தனர். 2022இல் வெளியான முடிவுகளின்படி பாக்டீரியா வகைகள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்தன. பூஞ்சை வகைகளின் குறைவு அதனினும் மிகுதி. வகைகள் குறைவது எண்ணிக்கை குறைவதைவிட நுட்பமான இழப்பு. மக்கைச் சிதைப்பது ஒரு கூட்டம், நைட்ரஜனை மாற்றித் தருவது மற்றொன்று, வேரோடு கூடி எட்டாத பாஸ்பரஸை எட்டித் தருவது வேர்ப்பூஞ்சை. ஒன்று இல்லாதபோது மற்றொன்று அப்பணியைச் செய்யும் வாய்ப்பு வகைமையில்தான் இருக்கிறது. அது சுருங்கியபின் வரும் வறட்சியை அதே புல்வெளி முன்போல் தாங்குவதில்லை.

வெப்பநாட்டுப் புல்லுக்கு அமெரிக்க முடிவை அப்படியே பொருத்த இயலாது. இங்கு மண் ஏற்கெனவே சூடானது, கறையான் மிகுதி, மேய்ச்சல் இடையறாதது. வெளிமான் கிடாய்கள் தம் எல்லைக்குள் குறித்த இடங்களிலேயே மீண்டும் மீண்டும் எச்சமிடுவதால் அங்கங்கே உரச்செறிவு ஏற்படுகிறது. இத்தகைய மண்ணில் 3 பாகை என்ன செய்யும் என்பதை இம்மண்ணில்தான் கேட்க வேண்டும்.

அளக்கப்பட்டவை

கேட்பதற்கு இந்நகரில் கருவி இல்லாமலில்லை. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட சென்னை வானாய்வகம் 1796 முதல் வானிலைக் குறிப்புகளைப் பதிவுசெய்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காற்றின் வெப்பம் நமக்குத் தெரியும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 பாகை பதிவானது வரை அத்தொடர் வருகிறது.

மண்ணுக்கும் ஒரு தொடக்கம் இருந்தது. ஆளுநர் டெனிசன் காலத்தில் 1865இல் சைதாப்பேட்டையில் அரசுச் சோதனைப் பண்ணை ஏற்பட்டது. கிண்டியின் புல்தரையிலிருந்து அது நடைதூரம். அதனை ஒட்டி வளர்ந்த வேளாண் கல்வி 1906இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. அங்கு 1909இல் தொடங்கிய நிலையான உரச் சோதனை இன்றும் நடைபெறுகிறது. இந்தியாவின் மிகப் பழைய நெடுங்காலச் சோதனைகளுள் ஒன்று. பயிர் மண்ணில் கரிமம் ஒரு நூற்றாண்டில் எவ்வாறு மாறியது என்பதற்கு அதுவே சான்று. அதன் அளவுகோல் விளைச்சல். விளைச்சல் தராத புல்தரைக்கு இணையான சோதனை ஒன்றைச் சென்னை மாகாணத்தின் பெயரால் நாம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இதனை அக்கால அறிவின் எல்லை என்று விட்டுவிடவும் இயலாது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1856இல், சைதாப்பேட்டைப் பண்ணைக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு புல்வெளியைப் பாத்திகளாகப் பிரித்துச் சோதனை தொடங்கினர். ஆண்டுதோறும் வைக்கோல் வெட்டி, மாதிரிகளை எடுத்துவைத்து, இன்றுவரை தொடர்கின்றனர். அந்நாட்டில் புல் என்பது வைக்கோல். வைக்கோல் என்பது விலைபொருள். ஆதலால் அங்குப் புல்வெளிக்கு ஒரு பெயரும் ஒரு பதிவேடும் இருந்தன. அதே ஆட்சியாளர் இங்கு வந்தபோது புல்வெளி தரிசாயிற்று.

நடப்பட்டவை

தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தில் எதையேனும் நட வேண்டும் என்ற உந்துதல் பெயரிலேயே இருக்கிறது. சென்னை மாகாண வனத்துறையின் முயற்சியால் 1870களின் பிற்பகுதியில் சீமைக் கருவேலம் கடப்பைப் பகுதியில் நடப்பட்டது. விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் விரும்பியே அதைக் கொணர்ந்தனர். தீய எண்ணம் எதுவுமில்லை. அது நைட்ரஜனை மண்ணில் கூட்டி, நிழலிட்டு, தரைப்புல்லை ஒடுக்கிப் பரவியதை இன்று தமிழகம் முழுதும் காண்கிறோம். கோடையில் ஆளுநர் கிண்டியை விட்டுச் சென்று தங்கிய உதகையிலும் இதே கதை. அங்குப் புல்மலைகளில் ஆஸ்திரேலியச் சீகையும் தைலமரமும் ஏறின. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைப் பகுதிகளில் 1973க்கும் 2017க்கும் இடையில் ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டர் மலைப்புல்வெளி மறைந்ததாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்ட ஆய்வு காட்டுகிறது.

2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்த முனைகிறது. நாட்டு மரங்களுக்கு முன்னுரிமை தருவது பாராட்டத்தக்கது. தெருவோரத்திலும் வீட்டு முற்றத்திலும் பள்ளி வளாகத்திலும் நடும் மரம் சென்னையின் வெப்பத்தைத் தணிக்கும் என்பதிலும் ஐயமில்லை. ஐயம் எழுவது ஓரிடத்தில்தான்: மேய்க்கால், தரிசு, புறம்போக்கு என்று பழைய கணக்கில் எழுதப்பட்ட நிலம் நடவுக்குத் தெரிந்தெடுக்கப்படும்போது, அது வெறும் வெளியா, புல்வெளியா என்று யார் பார்த்துச் சொல்வது? கணக்கு சொல்லாது. வானிலிருந்து எடுக்கும் படமும் சித்திரை மாதத்தில் இரண்டையும் ஒரே பழுப்பாகக் காட்டும். மண்ணைத் தோண்டிப் பார்த்தால் தெரியும். வேரின் அடர்த்தி, மக்கின் நிறம், நனைத்தபின் எழும் மூச்சு ஆகியவை வேறுபடும்.

எனவே கிண்டியில் தொடங்குவது தகும் என இக்கட்டுரை கருதுகிறது. போலோ மைதானத்தில் ஒரு பாத்தி, அதையடுத்த மரநிழலில் ஒரு பாத்தி, சுவருக்கு அப்பால் கழக வளாகத்தின் புல்தரையில் ஒரு பாத்தி. ஒவ்வொன்றிலும் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு வெப்பமானி. ஆண்டுக்கு இருமுறை, சித்திரைக் காய்ச்சலிலும் ஐப்பசி முதல் மழைக்குப் பின்னும், ஒரு குழாய் மண். நிறுவனங்கள் மூன்றும் ஒரே சாலையில் உள்ளன. நுங்கம்பாக்கத்தின் காற்று வெப்பக் கணக்கு ஒப்பிடுவதற்கு ஆயத்தமாக இருக்கிறது. அப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் நிலவகை என்னும் கட்டத்தில் தரிசு என்றோ காடு என்றோ எழுதாமல், புல்வெளி என்று எழுத வேண்டும்.